கிரஞ்ச் கிட்டார் சத்தம்: ஆம்ப், பெடல் செட்டிங் முழுமையான வழிகாட்டி

கிரஞ்ச் (grunge) என்கிற கரகரப்பான ராக் இசையின் சத்தம் வேண்டும் என்று கிட்டார் எடுக்கிற பையன்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் முதலில் செய்கிறார்கள். டிஸ்டார்ஷன் பெடலில், அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்குகிற காலடிப் பெட்டியில், கெயினை (கரகரப்பின் அளவை) முழுசாகத் திருப்பி, ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) பேஸையும் (கீழ் ஸ்தாயி) டிரெபிளையும் (மேல் ஸ்தாயி) ஏற்றி, மிட்டை (நடு ஸ்தாயி) அடியோடு இறக்கிவிடுகிறார்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது அது பிரமாதமாகத்தான் இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த அடுத்த நிமிஷம் கிட்டார் இருந்த இடமே தெரியாது. அப்புறம் கேள்வி வரும்: "ஏனுங்ணா, இன்னும் பெரிய ஆம்ப் வாங்கோணுங்களா?"

வேண்டாம். இருக்கிற ஆம்பில் மிட் குமிழை ஏற்றி, பெடலில் கெயினைக் குறைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதிக் கால்வாசிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அதிலும் கொங்குப் பக்கத்து வீடுகளில் தறி மோட்டார், பம்புசெட், இன்வெர்ட்டர் என்று கரண்ட் லைனில் என்னென்னவோ ஓடுவதால், குமிழைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சங்கதிகளும் உண்டு.

எந்தச் சத்தம்?

கிரஞ்ச் என்று ஒற்றைச் சத்தம் கிடையாது. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைச் சுற்றி வளர்ந்த குழுக்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். மட்ஹனி குழுவினர் ஃபஸ் பெடல்களை (இன்னும் தடித்த கரகரப்பு தருபவை) நம்பினார்கள். 1988-ல் வந்த அவர்களுடைய இசைத்தட்டுக்கு யூனிவாக்ஸ் சூப்பர் ஃபஸ், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பிக் மஃப் என்ற இரண்டு பெடல்களின் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள். நிர்வாணாவின் கர்ட் கோபெய்ன் சுத்தமான சத்தத்துக்கும் பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷனுக்கும் இடையே காலால் மாறி மாறிப் போனார். ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ஜெர்ரி கான்ட்ரெல் ஆம்பின் கெயினையே பிரதானமாக வைத்துக்கொண்டு, கனமான, நடு ஸ்தாயி நிறைந்த சத்தம் கொண்டுவந்தார். சவுண்ட்கார்டன் குழுவின் கிம் தாயில் அடித் தந்தியை டி-க்கு இறக்கி வாசித்ததே அந்தக் குழுவின் எடைக்குப் பாதிக் காரணம்.

ஆக வழி மூன்று: சுத்தமான ஆம்ப் முன்னால் டிஸ்டார்ஷன் பெடல், ஃபஸ் பெடல், ஆம்பின் சொந்த கெயின். வீட்டில் சின்ன ஆம்ப் வைத்திருப்பவருக்கு முதல் வழிதான் உதவும். டிரான்சிஸ்டர் வகைச் சின்ன ஆம்புகளில் பெரும்பாலும் டிஸ்டார்ஷன் சானல் வறட்டுச் சத்தமாக இருக்கும், சுத்தமான சானல் நன்றாகவே இருக்கும். அதனால் இங்கே முதல் வழியை விரிவாகவும் மற்ற இரண்டைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

இன்னொன்றும் மனசில் இருக்கட்டும். இந்த இசையில் சரணம் அடங்கி, கோரஸ் வெடிக்கும். அப்படியானால் நாம் செட் பண்ண வேண்டியது இரண்டு சத்தம். சுத்தமான சத்தத்தைச் சரியாக வைக்காமல் டிஸ்டார்ஷனை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தால் அந்த வெடிப்பு வராது.

முதலில் கிட்டார்

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்; ஹம்பக்கர் வகையில் இரண்டு சுருள், சிங்கிள் காயிலில் ஒன்று. பிரிட்ஜ் பக்கம் (தந்திகள் கிட்டார் உடலில் முடிகிற இடம்) ஹம்பக்கர் பிக்கப் இருந்தால் வேலை சுலபம். கோபெய்ன் தன்னுடைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப்பைக் கழற்றி ஹம்பக்கர் போட்டுக்கொண்டார். அவருடைய 1965 ஃபெண்டர் ஜாகுவார் கிட்டாரிலும் ஹம்பக்கர்கள்தான் இருந்தன. சிங்கிள் காயில் பிக்கப் மெலிந்து கூர்மையாகக் கேட்கும், மோட்டார் இரைச்சலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் கிட்டார் ஸ்ட்ராட் வகையாக இருந்து, மரத்தை வெட்டக் கூடாது என்று நினைத்தால், சிங்கிள் காயில் அளவிலேயே வருகிற ஹம்பக்கர் கிடைக்கிறது. பற்றவைக்கத் தெரிந்த ஆள் சீக்கிரமே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

பிக்கப் உயரம் முக்கியம். தந்திக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் சத்தம் கூடும், ஆனால் கார்டுகள் (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) குழம்பும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அடித் தந்திக்கும் பிக்கப்புக்கும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அங்கிருந்து காதைக் கேட்டு ஏற்றி இறக்குங்கள்.

தந்தி 10-46 செட் (மெல்லிய தந்தி 0.010 அங்குலம், தடித்தது 0.046) போதும். அரை ஸ்வரம் கீழே இறக்கி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 11-லிருந்து தொடங்குகிற செட் போடுங்கள். இல்லாவிட்டால் தந்தி தொளதொளத்து, வேகமாக அடிக்கும்போது சுருதி மேலே எகிறி இறங்கும். டிராப் டி வேண்டுமானால் அடித் தந்தியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். 82 ஹெர்ட்ஸில் இருந்த தந்தி 73-க்கு வரும்.

பவர் கார்ட் என்பது ச, ப, மேல் ச. அவ்வளவுதான். டிஸ்டார்ஷன் என்பது சத்தத்தின் அலையை வெட்டித் தட்டையாக்குவது. வெட்டும்போது வாசித்த ஸ்வரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் பிறக்கின்றன. ச-ப இடையே உள்ள விகிதம் 2:3 என்று எளிமையாக இருப்பதால் பிறக்கிற ஒலிகளும் அதே சுருதிக்குள் விழுகின்றன. காந்தாரம் சேர்ந்ததும் இந்தக் கணக்கு கெட்டு, கரகரப்பு வந்துவிடும். முழு கார்டை டிஸ்டார்ஷனில் அடித்தால் குழம்புவது இதனால்தான், பெடலில் குறை ஒன்றும் இல்லை. கெயினைக் குறைத்தால் காந்தாரமும் தாங்கும்.

கரண்ட், எர்த், இரைச்சல்

பெடல் போட்டதும் ஆம்பில் "ஙொய்" என்று ஒரு இரைச்சல் கிளம்புகிறது என்றால், அதில் பாதி உங்கள் வீட்டு லைனிலிருந்து வருகிறது. டிஸ்டார்ஷன் பெடல் சின்னச் சத்தத்தைப் பல மடங்கு பெரிதாக்கும். பிக்கப்பில் நுழைகிற இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர்கள் அதை டிசி ஆக்கும்போது மிச்சம் நிற்கிற அலை 100 ஹெர்ட்ஸ். அடித் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கிற ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதனால் ஜி பவர் கார்டைப் பிடித்து நிறுத்தும்போது, மட்டமான அடாப்டர் போட்டிருந்தால், சத்தத்துக்கு அடியில் மெதுவான ஓர் அலைவு கேட்கலாம். சியாட்டில்காரர்களுக்கு இந்தத் தொந்தரவு ஜி-யில் வராது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல் பி-க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சோதிக்கும் வரிசை இப்படி. ஆம்பை மட்டும் போடுங்கள், கேபிள் வேண்டாம். இரைச்சல் இருந்தால் அது ஆம்பிலோ லைனிலோ இருக்கிறது. அடுத்து கிட்டாரை நேராக ஆம்பில் செருகி, தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் சகஜம், உங்கள் உடம்பு பிடிக்கிற இரைச்சல் எர்த்துக்குப் போகிறது. தொட்டதும் கூடினால் எர்த் இல்லை, அல்லது கிட்டாருக்குள் கிரவுண்டு ஒயர் விட்டுப்போயிருக்கிறது. வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இரைச்சலைக் குறைக்க மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை வெட்டிவிடச் சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். கிட்டார் தந்தி உங்கள் கையில் இருக்கிறது, உதடு மைக்கில் இருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்துபோயிருக்கும். கோடையில் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரிகிற வீடுகள் உண்டு.

சோமனூர், பல்லடம், சென்னிமலை பக்கம் தறி ஓடுகிற தெருவில் இருப்பவர்கள் ஹம்பக்கர் போடுவதுதான் நல்லது. மோட்டாரிலிருந்து வருகிற காந்த இரைச்சலை சிங்கிள் காயில் நேராகப் பிடிக்கும். உட்காருகிற திசையை மாற்றிப் பாருங்கள். கிட்டாரைக் கால் வட்டம் திருப்பினாலே இரைச்சல் பாதியாகிற ஒரு கோணம் கிடைக்கும், அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் எவ்வளவு வால்யூம் வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது அந்தத் தெருக்களின் பெரிய சௌகரியம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஆம்ப் கத்த ஆரம்பித்தால் உங்களுடையது சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் இல்லை என்று அர்த்தம். அந்த நேரத்துக்கு எந்தக் குமிழும் உதவாது.

பெடலுக்குக் கரண்ட்: பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், உள்முனை நெகட்டிவ். கடையில் சும்மா "9 வோல்ட் அடாப்டர்" என்று கேட்டால் ரவுட்டருக்குப் போடுகிற, உள்முனை பாசிட்டிவ் ஆன ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதைச் செருகினால் சில பெடல் தப்பிக்கும், சில பெடல் செத்துப்போகும். அடாப்டர் மேல் இருக்கிற குறியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு டிஸ்டார்ஷன் பெடல்தான் என்றால் 9 வோல்ட் பேட்டரியே போடலாம். அதை விடச் சுத்தமான சப்ளை கிடையாது. வாசித்து முடித்ததும் பெடலின் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். கேபிள் இருக்கிறவரைக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஆம்ப்: பெடல் இல்லாமல்

குமிழ் நிலைகளைக் கடிகாரக் கணக்கில் சொல்கிறேன். இடது கடைசி 7 மணி, நேர் மேலே 12, வலது கடைசி 5.

எல்லா பெடலையும் அணைத்துவிடுங்கள். கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப், வால்யூம், டோன் இரண்டும் முழுசு. ஆம்பில் சுத்தமான சானல், கெயின் இருந்தால் 9 மணி, ரிவெர்ப் (எதிரொலி) அணைத்து வையுங்கள். பேஸ், மிட், டிரெபிள் மூன்றும் 12. மாஸ்டர் வால்யூமை நீங்கள் வழக்கமாக வாசிக்கிற அளவுக்கு ஏற்றுங்கள். மெதுவாக வைத்து செட் பண்ணிவிட்டு அப்புறம் சத்தத்தைக் கூட்டினால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். சத்தம் கூடும்போது நம் காதுக்கு பேஸும் டிரெபிளும் தனியாக ஏறித் தெரியும்.

ஆம்பைத் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டு கேட்காதீர்கள். டிரெபிள் ஸ்பீக்கரிலிருந்து நேர்க்கோட்டில் போகும், அது உங்கள் முழங்காலில் படும். மேலே மந்தமாகக் கேட்கிறதே என்று டிரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். ஆம்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கம் கட்டையை வைத்துச் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி செய்யுங்கள். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை உள்ள அறையில் கூர்மையான சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். தடிமனான பவானி ஜமக்காளம் ஒன்றை ஆம்புக்கு எதிர்ச் சுவரில், சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டால் அந்தக் கிறீச்சு கணிசமாக அடங்கும். பேஸை அது ஒன்றும் செய்யாது.

இப்போது மிட். இந்தக் குமிழில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இ பவர் கார்டை அடித்துக்கொண்டே இன்னொருவரை மிட் குமிழை 7 மணியிலிருந்து 5 மணி வரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியை விட்டு வெளியே வந்து பேசுகிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது 1 முதல் 3 மணிக்குள் வரும். அங்கே நிறுத்துங்கள். நோம்பிக்கு மரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அதில் பேஸும் கிடையாது, மேல் ஸ்தாயி நயமும் கிடையாது, வெறும் நடுச் சத்தம்தான்; ஆனாலும் பாட்டு இரண்டு ஊர் தாண்டிக் கேட்கிறது. டிரம்ஸ் சிம்பல் மேலே நிற்கிறது, பேஸ் கிட்டாரும் உதை டிரம்மும் கீழே நிற்கின்றன. கிட்டாருக்கு மிச்சம் இருக்கிற இடம் இந்த நடுதான்.

ஃபெண்டர் வகை ஆம்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று குமிழும் 12 மணியில் இருந்தாலே அங்கே நடுச் சத்தம் குழிந்துதான் இருக்கும், அந்தச் சர்க்யூட் அப்படி. அதனால் மிட்டை 3, 4 மணிக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். சின்ன ஆம்புகளில் மிட் குமிழே இருக்காது, பேஸ், டிரெபிள் மட்டும் இருக்கும். அப்போது இரண்டையும் 9, 10 மணிக்கு இறக்கி வால்யூமை ஏற்றுங்கள். கீழும் மேலும் குறைந்தால் நடு தானாக முன்னால் வரும்.

பேஸ் குமிழை அடுத்துத் தொடுங்கள். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே வைத்துத் தந்தியை அடக்கி அடியுங்கள். "டொம் டொம்" என்று தனித்தனியாக விழ வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று கலந்து "பூம்ம்" என்று வந்தால் பேஸைக் குறையுங்கள். 6 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப் 73 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தர முடியாது. பேஸை ஏற்றினால் அது திணறும், அவ்வளவுதான். 10 மணி போதும். கனம் போதவில்லை என்றால் ஆம்பைச் சுவர் மூலைக்கு நகர்த்துங்கள், மூலை தானாகவே பேஸைக் கூட்டிக் கொடுக்கும்.

டிரெபிள் கடைசி. சுத்தமான சத்தத்தில் கொஞ்சம் மந்தமாகத் தோன்றுகிற இடத்தில், 11 மணி வாக்கில், விட்டுவிடுங்கள். பெடல் போட்டதும் கூர்மை தானாக வந்து சேரும். பிரசன்ஸ் குமிழ் (உச்ச ஸ்தாயிக் கூர்மைக்கானது) இருந்தால் 9, 10 மணிக்கு மேல் வேண்டாம்.

பெடல்

பாஸ் டிஎஸ்-1 1978-ல் வந்தது. இன்றைக்கும் அதே ஆரஞ்சு நிறத்தில், அதிகச் செலவில்லாத விலையில் கிடைக்கிறது. மூன்றே குமிழ்கள்: டோன், லெவல், டிஸ்ட். இதைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர், "தேனீக் கூடு" என்பார்கள். எனக்கென்னவோ அவர்களில் பெரும்பாலோர் டோன் குமிழை 12 மணிக்கு மேல் வைத்துவிட்டுத் திட்டுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இந்தப் பெடலின் டோன் குமிழ் சும்மா டிரெபிளைக் கூட்டிக் குறைப்பதில்லை. இடதுபக்கம் கனமான சத்தம், வலதுபக்கம் மெலிந்த கூர்மையான சத்தம், இரண்டையும் கலக்கிற தராசு அது. நடுவில் ஒரு பள்ளமும் உண்டு, மிட் குறையும். ஆம்பில் மிட்டை ஏற்றி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கம்: டோன் 10 மணி, டிஸ்ட் 12, லெவல் 9. பெடலைப் போட்டு அணைத்துப் போட்டு, இரண்டு சத்தமும் ஒரே அளவாகக் கேட்கிறவரைக்கும் லெவலைத் திருப்புங்கள். அளவு சமமானதும் அங்கிருந்து சித்தெ ஏற்றுங்கள், அரை மணி அளவு போதும். கோரஸுக்குக் காலை வைக்கும்போது வெடிப்பு வருவது இந்தச் சின்ன ஏற்றத்தில்தான். லெவல் சரியாக இல்லாமல் டிஸ்ட்டைக் கூட்டினால் சத்தம் அமுங்கத்தான் செய்யும். அலையை வெட்ட வெட்ட, ஓங்கி அடித்ததற்கும் மெதுவாக அடித்ததற்கும் உள்ள வித்தியாசம் போய்விடுகிறது.

டிஸ்ட் குமிழுக்கு மூன்று சோதனை. ஒன்று: பவர் கார்டை அடித்துச் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் மௌனம் இருக்க வேண்டும், "ஸ்ஸ்" என்ற இரைச்சல் மேலே ஏறி வந்தால் அதிகம். இரண்டு: ஆறு தந்தியும் சேர்ந்த திறந்த இ மைனரை அடியுங்கள். தந்திகளைத் தனித்தனியாகக் காது பிரித்துக் கேட்க முடிய வேண்டும். மூன்று: கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 5-க்கு இறக்குங்கள், கரகரப்பு பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் டிஸ்ட்டை இறக்குங்கள். ஹம்பக்கருக்கு 12 முதல் 1 மணி, சிங்கிள் காயிலுக்கு 2 மணி வரை வரலாம். அதைத் தாண்டி நான் போவதில்லை.

கோபெய்ன் பின்னாளில் டிஎஸ்-2-க்கு மாறினார். அதில் இரண்டாவது மோடு நடுச் சத்தத்தை ஏற்றித் தருகிறது. குழுவோடு வாசிப்பவர்களுக்கு அது டிஎஸ்-1-ஐ விட வசதி, தனியாக வாசிக்கும்போது மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். குழு சேர்ந்ததும் அந்த மூக்குச் சத்தம்தான் காப்பாற்றும்.

புரோகோ ராட் என்ற டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அதன் ஃபில்டர் குமிழ் தலைகீழ். வலதுபக்கம் திருப்பத் திருப்ப மந்தமாகும். டிஸ்டார்ஷன் 11 மணி, ஃபில்டர் 1 மணியில் தொடங்குங்கள். டிஎஸ்-1-ஐ விடச் சதைப்பற்றான சத்தம். ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஃபஸ் வழி: பிக் மஃபில் சஸ்டெயின், டோன், வால்யூம். சஸ்டெயின் 12, டோன் 11, வால்யூம் சுத்தமான சத்தத்துக்குச் சமம். நடுச் சத்தம் இதில் ஆழமாகக் குழிந்திருக்கும். தனியாகக் கேட்டால் சுவர் எழும்பி நிற்பதுபோல் இருந்தாலும் குழுவில் மூழ்கிவிடும். ஆம்ப் மிட்டை 3 மணிக்கு ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் பெடலுக்குப் பின்னால் ஒரு ஈக்வலைசர் பெடல் போட்டு 800 ஹெர்ட்ஸ் பட்டையைக் கொஞ்சம் தூக்குங்கள். வேகமான ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்புகளுக்கு) பிக் மஃப் சரிவராது. மெதுவாக, இழுத்து வாசிப்பதற்குத்தான்.

ஆம்ப் கெயின் வழி: மார்ஷல் வகை ஆம்ப் இருந்தால் கெயின் 1 மணி, பேஸ் 11, மிட் 2, டிரெபிள் 12. முன்னால் ஓர் ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) பெடல், அதில் டிரைவ் கிட்டத்தட்டப் பூஜ்யம், லெவல் 3 மணி. ஓவர்டிரைவ் இங்கே அடித் தந்தியின் தளர்ச்சியை இறுக்கிக் கொடுக்க மட்டுமே. அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

கோரஸ், கேட், மற்றவை

நிர்வாணா பாட்டுகளில் தண்ணீருக்குள் கேட்பதுபோன்று வருகிற சுத்தமான சத்தத்துக்கு எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் ஸ்மால் குளோன் என்ற கோரஸ் பெடல்தான் காரணம் (பாட்டின் கோரஸ் பகுதி வேறு, இது சத்தத்தை அலையவிடுகிற எஃபெக்ட்). ஒரு ரேட் குமிழும் ஒரு டெப்த் சுவிட்சும் மட்டும் கொண்டது. வேறு கம்பெனி கோரஸ் இருந்தாலும் சரி: ரேட் 9, 10 மணி, டெப்த் 2 மணி. வரிசை: கிட்டார், டியூனர், டிஸ்டார்ஷன், கோரஸ், ஆம்ப். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரிய சுழற்சி வரும். அதை ஒரு பாட்டில் ஓர் இடத்தில் பயன்படுத்தினால் போதும்.

நாய்ஸ் கேட் பெடல் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) இந்த இசைக்கு அவசியமில்லை. வாசிக்காத நேரத்தில் கிட்டார் வால்யூமை மூடப் பழகுங்கள். கேட் இறுக்கமாக இருந்தால் கார்டு தேய்ந்து மறையும் நேரத்தில் வாலை வெட்டிவிடும். ஆம்ப் பக்கம் திரும்பி நின்று ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் தந்தியை மறுபடி அதிரவைத்து எழும் ஊளை) எழுப்பவும் முடியாது. அந்த ஃபீட்பேக்கும் இந்தச் சத்தத்தில் ஒரு பங்குதான்.

டிலே, ரிவெர்ப்: வேண்டாம், அல்லது தெரியாத அளவு.

ஹெட்ஃபோனும் மொபைலும்

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) வழியாகக் கம்ப்யூட்டரிலோ மல்டி எஃபெக்ட் பெட்டியிலோ வாசிப்பார்கள். பெடலை நேராக இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்ஃபோனில் கேட்டால் காதைக் கிழிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான சத்தத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஹெட்ஃபோன் விழுங்காது, முழுசாகக் கொடுக்கும். அதனால் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப்போலச் சத்தத்தை வடிகட்டுகிற வசதி) கட்டாயம் போட வேண்டும். எந்த ஆம்ப் மாடல் என்பதை விட எந்த கேபினெட் என்பதுதான் சத்தத்தை அதிகம் மாற்றும். 12 அங்குல ஸ்பீக்கர் நாலு உள்ள கேபினெட்டில் தொடங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். இதையே நிஜ ஆம்பிலும் போட்டு, கேபினெட்டின் மேல் இன்னொரு கேபினெட் ஆக்கிவிடாதீர்கள். ஆம்பில் செருகும்போது சிமுலேஷனை அணைக்க வேண்டும்.

மேடை

கல்லூரி விழாக்களில் பெரும்பாலும் ஆம்ப் இருக்காது, "மிக்சர்ல நேரா குடுங்க தம்பி" என்பார்கள். மேலே சொன்ன ஹெட்ஃபோன் கதைதான் அங்கேயும். கேபினெட் சிமுலேஷன் உள்ள ஒரு பெட்டி கையில் இல்லாமல் டிஸ்டார்ஷனோடு மிக்சரில் ஏறாதீர்கள். அது இல்லையென்றால் உங்கள் 10 வாட் வீட்டு ஆம்பை எடுத்துப்போய் நாற்காலியில் வைத்து அதன் முன்னால் ஒரு மைக் கொடுப்பது எவ்வளவோ மேல். ஷூர் எஸ்எம்57 இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாடுகிற சாதாரண மைக்கே போதும். ஆம்பின் முன்பக்கத் துணிக்கு இரண்டு விரற்கடை தூரம். ஸ்பீக்கரின் நடுப்புள்ளிக்கு நேராக வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் கனம். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதியில் தொடங்குங்கள்.

மைக் செட் அண்ணனுக்குக் கல்யாணம், நோம்பி, லைட் மியூசிக் எல்லாம் அத்துப்படி. கரகரக்கிற கிட்டார் மட்டும் புதுசாக இருக்கலாம். கெட்டுப்போன ஒயர் என்று நினைத்து ஃபேடரை இறக்கிவிடவும் கூடும். முன்கூட்டியே போய் வாசித்துக் காட்டி, "அண்ணா, இந்தச் சத்தம் இப்படித்தானுங்க வரும். கிட்டாருக்கு எக்கோ வேண்டாமுங்க, லோ மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். பாடகருக்குப் போட்ட எக்கோ கிட்டாருக்கும் போனால் பவர் கார்டெல்லாம் சேறாகிவிடும்.

ஜெனரேட்டரில் ஓடுகிற மேடையில் ஆம்பும் மைக் மிக்சரும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கும்படி கேட்டு வாங்குங்கள். பாடுவதற்கு முன் தந்தியைப் பிடித்துக்கொண்டு புறங்கையால் மைக்கின் வலையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதைச் செய்யாதீர்கள். டெஸ்டரை மைக் வலையிலும் கிட்டார் தந்தியிலும் வைத்துப் பாருங்கள். எதில் விளக்கு எரிந்தாலும் போர்டை மாற்றும்வரை மேடை ஏற வேண்டாம்.

குழுவோடு ஒத்திகையில் வீட்டு செட்டிங்கை அப்படியே கொண்டுவராதீர்கள். டிஸ்ட்டை ஒரு மணி குறையுங்கள், மிட்டை ஒரு மணி ஏற்றுங்கள், பேஸைப் பேஸ் கிட்டார்காரருக்கு விட்டுக்கொடுங்கள். நீளமான கேபிள் போட்டு, வாசித்துக்கொண்டே முன்வரிசை நாற்காலிக்குப் போய் நின்று கேளுங்கள். இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே பெடல், ஒரே செட்டிங் வைக்க வேண்டாம். ஒருவர் ராட், ஒருவர் டிஎஸ்-1, அல்லது ஒருவருக்கு மிட் 1 மணி, மற்றவருக்கு 3 மணி. சரியாக அமைந்ததும் குமிழ்களுக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டு, மொபைலில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் பெடல் ஏறி இறங்கும்போது குமிழ் எப்படியும் திரும்பிவிடும்.

ரெக்கார்டிங்குக்கு ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடதுபக்கமும் மற்றதை வலதுபக்கமும் தள்ளுங்கள். முதல் டேக்கைக் காப்பி எடுத்து ஒட்டினால் அகலம் வராது, நிஜமாகவே இரண்டாவது முறை வாசிக்க வேண்டும். இரண்டு டேக் சேரும்போது கரகரப்பும் கூடும் என்பதால், மேடைக்கு வைத்ததை விட டிஸ்ட்டை இன்னும் ஒரு மணி இறக்கி வாசியுங்கள்.